ஒருகொடவத்தைச் சந்தியில் நாலு சம்பளம்

மாதத்தின் 25ஆம் திகதி. பின்னேரம் ஐந்தரை மணி. ஒருகொடவத்தைச் சந்தியில் கொள்கலன் லொறிகள் ஒன்றின் வாலில் ஒன்று முட்டாத குறையாக நிற்கின்றன. களனிப் பாலத்தால் இறங்கி வரும் பஸ்கள் பேஸ்லைன் வீதிக்குள் மூக்கை நுழைக்க இடம் தேடுகின்றன. ஏ.டி.எம். பொறிக்கு முன்னால் பத்துப் பன்னிரண்டு பேர் வரிசை. பாதிப் பேரின் கழுத்தில் அலுவலக அடையாள அட்டை இன்னும் தொங்குகிறது. பொறி துப்பிய துண்டை ஒரு பெண் பார்க்கிறார். மடித்துக் கைப்பைக்குள் வைக்கிறார். இரண்டடி நடந்தவர் திரும்ப எடுத்து விரித்துப் பார்க்கிறார். எண் மாறவில்லை.

அரசாங்க உத்தியோகத்தருக்குச் சம்பளம் விழும் நாள் இது. பட்ஜெட்டில் சம்பளம் கூட்டினார்கள், பத்திரிகையில் கொட்டை எழுத்தில் வந்தது, வீட்டுக்காரர் வாடகையைக் கூட்டவும் தொடங்கிவிட்டார். கூடியது எவ்வளவு என்பதுதான் அந்தத் துண்டில் சட்டென்று பிடிபடவில்லை.

இந்தச் சந்தியில் நின்று சுற்றிப் பார்த்தால் அரசு சம்பளம் போடும் விதம் முழுவதும் நடக்கிற தூரத்துக்குள் அடங்கிவிடும். ஒரு பக்கம் சுங்கத் திணைக்களம் கொள்கலன்களைத் திறந்து பார்க்கும் முற்றம். தெற்கே போனால் தெமட்டகொடையில் புகையிரத எஞ்சின் கொட்டகை. கிழக்கே கொலன்னாவையில் பெற்றோலியத் தாங்கிகள். இடையில் பாடசாலைகளும் பிரதேச செயலகமும். நாலு இடத்திலும் முதலாளி ஒருவர்தான், அரசு. ஒரே வயது, ஏறக்குறைய ஒரே படிப்பு உள்ள நாலு பேர் இந்த நாலு இடத்திலும் வேலை செய்தால், மாதக் கடைசியில் நாலு பேரும் ஒரே மாதிரியான வீட்டில் இருக்க மாட்டார்கள்.

பட்டியலை வரிவரியாக

அரச ஊழியரின் சம்பளப் பட்டியலில் முதல் வரி அடிப்படைச் சம்பளம். அலுவலகத்தில் எல்லோரும் சொல்வது பேசிக். அது ஆளைப் பார்த்து வருவதல்ல. பதவிக்குக் கொடுத்த குறியீட்டைப் பார்த்து வருகிறது. 2006ஆம் ஆண்டின் 6ஆம் இலக்கப் பொது நிருவாகச் சுற்றறிக்கை நாட்டின் அரச பதவிகளையெல்லாம் பீ.எல்., எம்.என்., எஸ்.எல். என்ற எழுத்துகளுக்குள் அடைத்தது. எந்தப் பரீட்சைத் தகைமையோடு ஆளை எடுக்கிறார்கள், பதவி எந்தச் சேவைக்குள் வருகிறது என்பதை வைத்தே எழுத்து. அன்றைக்கு ஆக அடிமட்டச் சம்பளம் 11,730 ரூபா. 2016இல் அதே அட்டவணையைப் புதுப்பித்து 24,250 ஆக்கினார்கள். அதையும் ஒரேயடியாகக் கொடுக்காமல் 2020 வரை இழுத்துக் கொடுத்தார்கள்.

2016 அட்டவணையை ஒருமுறை ஆறுதலாகப் பாருங்கள். ஆகக் கீழ்ப் பதவியில் சேர்ந்தவர் ஒரு வருடம் தவறாமல் 42 தடவை சம்பள ஏற்றம் வாங்கினால் 36,410 ரூபாவைத் தொடுவார். நிருவாக சேவையில் நேற்றுச் சேர்ந்த அதிகாரியின் முதல் மாத பேசிக் 47,615. ஆயுள் முழுக்க உழைத்தவர் அப்போதும் 11,205 ரூபா கீழேதான் நிற்கிறார். நடுத்தட்டில் வேறொரு வேடிக்கை. உயர்தரம் சித்தியடைந்து வரும் முகாமைத்துவ உதவியாளருக்கு ஆரம்பம் 28,940. பல்கலைக்கழகம் முடித்து அபிவிருத்தி உத்தியோகத்தராக வருபவருக்கு 31,040. பட்டத்தின் விலை மாதம் 2,100 ரூபா. மூன்று நாலு வருடம் விடுதியில் பருப்புக் கறி சாப்பிட்டவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் இருப்பது நல்லது.

வருடச் சம்பள ஏற்றமோ அடிமட்டத்தில் 250 ரூபா. அதை 2025இல் 450 ஆக்கினார்கள். இரண்டாலுமே ஒருகொடவத்தையிலிருந்து வெள்ளவத்தைக்கு ஒருதரம் முச்சக்கர வண்டி பிடிக்க முடியாது.

பேசிக்குக் கீழே வருவதுதான் உண்மையான கதை. வாழ்க்கைச் செலவுக் கொடுப்பனவு, இடைக்காலக் கொடுப்பனவு, விசேட கொடுப்பனவு, மேலதிக நேரம், விடுமுறை நாள் வேலை. பிறகு கழிவுகள்: விதவைகள் அநாதைகள் ஓய்வூதியம், அக்ரஹார காப்புறுதி, பண்டிகை முற்பணம், இடர்கடன் தவணை, முத்திரைக் கட்டணம் 25 ரூபா.

2020க்குப் பிறகு ஐந்து வருடமாக பேசிக் அசையவில்லை. அந்த இடைவெளியில்தான் நாடு முறிந்தது. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி 2022 செப்டெம்பரில் பணவீக்கம் 69.8 சதவீதம், உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். அரசு அதற்குக் கொடுத்த பதில் அலவன்ஸ். 2019இல் 2,500, 2022 ஜனவரியில் 5,000, 2024இல் வாழ்க்கைச் செலவோடு சேர்த்து இன்னொரு 10,000. அலவன்சில் அரசுக்கு ஒரு வசதி இருக்கிறது: அது ஓய்வூதியக் கணக்கில் ஏறாது, மேலதிக நேரக் கணக்கிலும் ஏறாது.

■ பெட்டிச் செய்தி: 40,000 என்ற எண்ணுக்குள் என்ன இருக்கிறது?

2025 பெப்ரவரி 17ஆம் திகதி ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க சமர்ப்பித்த பாதீட்டின்படி குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளம் 24,250 ரூபாவிலிருந்து 40,000 ரூபாவுக்கு ஏறுகிறது. கூடுவது 15,750.

அதில் 7,500 புதுப் பணமல்ல. ஏற்கனவே கையில் கிடைத்த 2,500, 5,000 ஆகிய இரண்டு அலவன்சுகளையும் பேசிக்கோடு கரைத்துவிட்டார்கள். புதிதாக வருவது 8,250.

அந்த 8,250உம் ஒரே தடவையில் இல்லை. 5,000 ரூபாவும் மிச்சத்தில் 30 சதவீதமும் 2025 ஏப்ரலில், அதாவது 5,975 ரூபா. எஞ்சியது சரிபாதியாக 2026 ஜனவரியிலும் 2027 ஜனவரியிலும், ஒவ்வொரு தடவையும் ஆயிரத்து நூற்றுச் சொச்சம்.

முன்பு: பேசிக் 24,250 + அலவன்ஸ் 7,500 + வாழ்க்கைச் செலவு 17,800 = 49,550.
முழுதும் கிடைத்த பிறகு: 40,000 + 17,800 = 57,800.

பேசிக்கில் 65 சதவீத ஏற்றம். கையில் 17 சதவீதம்கூட இல்லை.

அட்டவணைக்கு வெளியே

குறியீடு, தகைமை, சேவைக்காலம், விலைவாசி. சம்பளத்தைத் தீர்மானிப்பவை இவை என்றுதான் பாடப் புத்தகம் சொல்லும். சந்தியில் நின்று பார்ப்பவருக்கு வேறு ஒன்று தெரியும். நீங்கள் வேலையை நிறுத்தினால் எது நிற்கும்?

சுங்க அதிகாரி கையைக் கட்டிக்கொண்டால் துறைமுகம் நிற்கும். அன்றைக்கே இறக்குமதியாளரின் தொலைபேசி அமைச்சருக்குப் போகும். சுங்கத்துக்கு இன்னொரு கதவும் உண்டு. 1869ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சுங்கக் கட்டளைச் சட்டத்தின் கீழ், கள்ளச் சாமான் பிடித்து அறவிடும் தண்டத்தில் ஒரு பங்கு, பிடித்த அதிகாரிக்கும் தகவல் கொடுத்தவருக்கும் வெகுமதியாகப் போகிறது. பொது அட்டவணையில் அவருடைய பேசிக் யார் கண்ணையும் உறுத்தாத எண்தான். ஆனால் ஒருகொடவத்தையில் வீடு வாடகைக்குக் கொடுப்பவர் அவரிடம் பேசிக்கைக் கேட்பதில்லை.

எஞ்சின் சாரதி நிறுத்தினால் அலுவலக ரயில் நிற்கும். மேலதிக நேரம் அவருக்குக் கை கொடுக்கிறது. பெற்றோலியத்தில் இருப்பவர் கூட்டுத்தாபன ஊழியர். பொது நிருவாகச் சுற்றறிக்கை அவரை நேரே தொடாது. சம்பளமும் போனசும் வேறு மேசையில், தொழிற்சங்கத்தோடு பேசி முடிவாகின்றன. மத்திய வங்கி இதற்கும் ஒருபடி மேலே. 2023ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டம் அதைச் சுயாதீனமாக்கியது. அடுத்த வருடத் தொடக்கத்திலேயே அங்கே சம்பளம் 70 சதவீதம் வரை ஏறிய செய்தி வெடித்து, ஆளுநர் நாடாளுமன்றக் குழு முன் விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. ஊரெல்லாம் வயிற்றைக் கட்டச் சொன்னவர்கள் தங்கள் இடுப்புப் பட்டியைத் தளர்த்திக்கொண்டார்கள் என்று சனம் பேசியது. அதில் தவறில்லை.

பாடசாலை ஆசிரியை நிறுத்தினால் என்ன நிற்கும்? பிள்ளையின் ஒரு தவணை. அது யாருடைய தொலைபேசியிலும் உடனே மணியடிக்காது. 1997ஆம் ஆண்டின் பி.சி. பெரேரா ஆணைக்குழுவின் காலத்திலிருந்து ஆசிரியர், அதிபர் சம்பள முரண்பாடு என்ற சொல்லை இந்த நாடு கேட்டுக்கொண்டே இருக்கிறது. 2021 ஜூலையில் தொடங்கி நூறு நாள் அளவுக்கு ஆசிரியர்கள் இணையவழிப் பாடத்தைப் பகிஷ்கரித்தார்கள். அந்த முரண்பாட்டை ஆராய்ந்த சுபோதினி குழுவின் பரிந்துரையில் மூன்றில் ஒரு பங்கு 2022 ஜனவரியில் கிடைத்தது. மிச்ச இரண்டு பங்கைக் கேட்டு 2024 ஜூன் 26ஆம் திகதி சுகயீன லீவு போட்டுக் கொழும்புக்கு வந்தவர்களுக்குக் கண்ணீர்ப்புகையும் தண்ணீர்ப் பீரங்கியும் கிடைத்தன.

வைத்தியசாலைக்குள்ளேயே இதே தராசு ஆடுகிறது. 2024 ஜனவரியில் வைத்தியர்களின் விசேட கொடுப்பனவை 35,000 ரூபாவிலிருந்து 70,000 ஆக்க அமைச்சரவை சம்மதித்தது. வைத்தியர்கள் நாட்டை விட்டுப் போகிறார்கள் என்பது காரணம். தாதியும் போகிறார், ஆய்வுகூடக்காரரும் போகிறார் என்று 72 சுகாதாரத் தொழிற்சங்கங்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கின. வைத்தியசாலைகளுக்குள் இராணுவத்தைக் கொண்டுவந்து நோயாளர் கட்டிலைத் தள்ள வேண்டிவந்தது. ஒருவருக்குக் கொடுத்த அலவன்ஸ் அடுத்தவருக்குக் கோரிக்கை மனு.

இந்த வழியால்தான் போனார்கள்

கொலன்னாவைக்கும் தெமட்டகொடைக்கும் இடைப்பட்ட இந்தத் தெருக்களுக்கு ஒரு பழைய கணக்கும் இருக்கிறது. 1947இல் அரச ஊழியர்கள் சம்பளத்துக்காகவும் தொழிற்சங்க உரிமைக்காகவும் பொது வேலைநிறுத்தம் செய்தார்கள். அரச எழுதுவினைஞர் சங்கத் தலைவர் டி.பி. இலங்கரத்ன காலிமுகத்திடல் கூட்டத்தில் பேசியதற்காக வேலை இழந்தவர். ஜூன் 5ஆம் திகதி கொலன்னாவையில் கூடியவர்கள் ஊர்வலமாக நகரை நோக்கி நடந்தபோது பொலிஸ் சுட்டது. செத்தவர் கந்தசாமி என்ற தமிழ் எழுதுவினைஞர். இடதுசாரித் தலைவர் கலாநிதி என்.எம். பெரேராவுக்கும் அன்றைக்குக் காயம்.

33 வருடம் கழித்து, 1980 ஜூலை வேலைநிறுத்தத்தில் கேட்டது மாதம் 300 ரூபா கூடுதல். ஜே.ஆர். ஜயவர்தன அரசு 1979ஆம் ஆண்டின் அத்தியாவசியப் பொதுச் சேவைச் சட்டத்தைக் கையில் எடுத்தது. ஏறத்தாழ 40,000 பேர் வீட்டுக்குப் போனார்கள். அதற்குப் பிறகு நெடுங்காலம் அரச ஊழியருக்குக் கேட்கிற வாய் அடைத்துப் போயிற்று.

■ பெட்டிச் செய்தி: மொழிக்கும் ஒரு விலை

1956ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டத்துக்குப் பிறகு சிங்களத் தேர்ச்சி இல்லாத தமிழ் ஊழியருக்குச் சம்பள ஏற்றம் நின்றது. தேர்ச்சிப் பரீட்சைக்குத் தோற்ற மறுத்த எழுதுவினைஞர் கோடீஸ்வரனுக்கு 1962இல் கிடைக்க வேண்டிய ஏற்றம் வரவில்லை. வழக்குப் போட்டார். 1964இல் கொழும்பு மாவட்ட நீதிமன்றத்தில் வென்றார். அரச ஊழியன் சம்பளத்துக்காக முடியின்மேல் வழக்கே போட முடியாது என்று 1967இல் உயர் நீதிமன்றம் கவிழ்த்தது. 1969 டிசம்பரில் இலண்டன் கோமறைக் கழகம் வழக்குப் போடலாம் என்று சொல்லி, மொழிச் சட்டம் செல்லுமா என்ற கேள்வியை இங்கேயே தீர்க்கும்படி திருப்பி அனுப்பியது. அதற்குப் பிறகு அந்தக் கேள்விக்கு எந்த நீதிமன்றமும் கடைசிவரை பதில் சொல்லவில்லை. 1971இல் கோமறைக் கழக மேன்முறையீடு ஒழிந்தது. 1972இல் யாப்பே மாறிற்று.

இன்றைய விதி இருபக்கமும் வெட்டுகிறது. 2007 ஜூலை 1க்குப் பிறகு சேர்ந்தவர்கள் இரண்டாவது அரசகரும மொழியில் தேர்ச்சி பெற வேண்டும். தவறினால் சம்பள ஏற்றம் தள்ளிப்போகும். கொட்டாஞ்சேனைத் தமிழர் சிங்களத்துக்கும், கொலன்னாவைச் சிங்களவர் தமிழுக்கும் டியூஷன் தேடி ஓடுகிறார்கள்.

தேர்தலும் திறைசேரியும்

சம்பள அட்டவணை எப்போது திறக்கும் என்று அறிய விலைச் சுட்டெண்ணைவிடத் தேர்தல் நாட்காட்டி உதவும். 2024இல் அரச சம்பளத்தை ஆராய்ந்த உதய செனவிரத்ன குழு ஆக அடிமட்ட ஊழியருக்கு எல்லாம் சேர்த்து மாதம் 55,000 ரூபா அளவு வரும்படி பரிந்துரைத்தது. செப்டெம்பர் 21இல் ஜனாதிபதித் தேர்தல். தபால் வாக்குக்குத் தகுதி பெற்ற அரச ஊழியர் 7 இலட்சத்துக்கு மேல். ஆட்சி மாறியது, அந்த அட்டவணை அலுமாரிக்குள் போனது, புதியவர்கள் தங்கள் அட்டவணையைப் போட்டார்கள்.

திறைசேரியின் பக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். 2025 சம்பள ஏற்றத்தின் முழுச் செலவு 325 பில்லியன் ரூபா. முதல் வருடத்துக்கு மட்டும் 110 பில்லியன். 2023 மார்ச்சில் அங்கீகாரம் பெற்ற சர்வதேச நாணய நிதிய ஒப்பந்தம் கழுத்தில் கிடக்க, நினைத்தபடி செலவைத் தூக்க முடியாது. மூன்று வருடமாகப் பிய்த்துப் பிய்த்துக் கொடுப்பதற்குக் காரணம் அதுதான். தனியார் துறையில் குறைந்தபட்சச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ரூபா என்பதையும் ஒருகொடவத்தைப் பண்டகசாலைகளில் மூட்டை தூக்குகிறவர்கள் நினைவூட்டுவார்கள். அரசாங்க வேலைக்காரர் அழும்போது அவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள்.

ஏற்றத்தின் பின் இறக்கம்

பேசிக் ஏறினால் மேலதிக நேரமும் தானாக ஏற வேண்டும். மணித்தியாலக் கூலி என்பது பேசிக்கை ஒரு எண்ணால் வகுத்து வருவது. மேலே இருக்கும் எண் பெருத்ததும் கீழே இருக்கும் எண்ணையும் பெருக்கிவிட்டால் விடை பெரிதாக அசையாது. 2025 பெப்ரவரி, மார்ச் மாதங்களில் தாதியரும் அரச வைத்திய அதிகாரிகள் சங்கமும் தெருவுக்கு வந்தது இந்த வகுத்தலால்தான். பட்ஜெட் உரையில் கைதட்டு வாங்கிய எண் வேறு, சுற்றறிக்கையின் பின்பக்கத்தில் இருந்த எண் வேறு. இரவு வேலையையும் ஞாயிறு வேலையையும் நம்பி லீசிங்கில் மோட்டார் சைக்கிள் எடுத்தவருக்கு, கூட்டிய சம்பளம் குறைந்த சம்பளமாகவும் தோன்றலாம்.

அலுவலக மேசையில் இருப்பவருக்கு இதில் இழப்பே இல்லை. அவருக்குப் பெரும்பாலும் ஓ.டி. கிடையாது, ஏறியது ஏறியதுதான். எழுதுவினைஞர் சிரிக்கும் வருடத்தில் தாதி கோபப்படுகிறார்.

நீண்ட காலத்தில் லாபம் ஓய்வூதியத்தில். அலவன்சாக இருந்த பணம் பேசிக்குள் வந்ததும் அது ஆயுளுக்கும் கூடவே வரும். 2025 மாற்றத்தில் நான் மெச்சுவது இந்த ஒன்றைத்தான்; கையில் இன்று தெரியாத நல்ல காரியம். ஆனால் யார் எந்தத் திகதியில் ஓய்வு பெற்றார் என்பது பெரிய வினையாகிவிட்டது. 2016க்கும் 2020க்கும் இடையில் போனவர்களுக்கு, ஐந்து வருடப் படிக்கட்டில் எந்தப் படியில் நின்றார்களோ அந்தப் படிதான். அதைச் சரிசெய்யக் கொடுத்த வாக்குறுதி 2020இல் நின்றுபோனது. 2025 ஜூலையிலிருந்து மூன்று கட்டமாகத் திருத்துகிறார்கள். இதற்கிடையில் 2022 கடைசியில் ஓய்வு வயது 60 ஆகத் திடீரென்று இறங்கியது. இன்னும் சில வருடச் சம்பள ஏற்றங்களை எண்ணிக்கொண்டு பிள்ளையின் படிப்புக்குக் கடன் எடுத்திருந்தவர்கள் பலர்.

இன்னொரு விளைவு விமான நிலையத்தில் தெரிகிறது. 2022ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சுற்றறிக்கை, சேவை மூப்புக்கும் ஓய்வூதியத்துக்கும் பாதிப்பில்லாமல் ஐந்து வருடம் சம்பளமில்லா லீவில் வெளிநாடு போகலாம் என்றது. சம்பளச் செலவைக் குறைக்கச் செய்த வேலை. போனவர்களோ கையில் தொழில் உள்ளவர்கள், ஆங்கிலம் உள்ளவர்கள், வேறெங்கும் விலை போகிறவர்கள். கதிரையில் மிஞ்சியவருக்கு இரண்டு பேர் வேலை, ஒரு பேசிக். பிரதேச செயலகத்தில் பிறப்புச் சான்றிதழுக்கு நம்பர் எடுத்து நிற்கும்போது உங்களுக்கும் எனக்கும் அதன் பங்கு கிடைக்கிறது.

மேல்தட்டில் வரி. 2023 ஜனவரியில் மாதம் ஒரு இலட்சத்துக்கு மேல் வாங்கினால் 6 முதல் 36 சதவீதம் வரை வரி என்று வந்தபோது வைத்தியர்களும் பொறியியலாளர்களும் விரிவுரையாளர்களும் கறுப்புப் பட்டி கட்டினார்கள். 2025 ஏப்ரலில் எல்லையை ஒன்றரை இலட்சமாக்கினார்கள். ஒரு கையால் சம்பளம், மறுகையால் வரி, இடையில் அலவன்ஸ். கடைசியில் யார் எவ்வளவு வாங்குகிறார் என்பது பக்கத்து மேசைக்காரருக்கே தெரியாது.

எங்கள் கோரிக்கையும் அங்கேதான் இருக்கிறது. அடிப்படைச் சம்பள அட்டவணை சுற்றறிக்கையாக வருகிறது, யாரும் பார்க்கலாம். அலவன்ஸ், வெகுமதி, ஓ.டி. வீதம் எல்லாம் தனித்தனிச் சுற்றறிக்கைகளிலும் அமைச்சரவைத் தீர்மானங்களிலும் கூட்டுத்தாபனக் கோப்புகளிலும் சிதறிக் கிடக்கின்றன. அவற்றை ஒரே அட்டவணையாக, பதவிவாரியாக, மூன்று மொழியிலும் திறைசேரி வெளியிடட்டும். 2027 ஜனவரியில் மூன்றாவது கட்டம் வருமுன் அதைச் செய்ய அரசுக்குக் காலம் இருக்கிறது.